கரண்டியக்காவின் நாக்கு

ஒன்பது மணிக்குள் கரண்டியக்கா மொட்டைமாடிக்கு ஏழு தடவை ஏறி இறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி கேன்டீனின் தலைமைச் சமையல்காரி, ஒரு காலத்தில் இவளிடம் வெங்காயம் நறுக்கியவள், பத்து மணிக்கு, சாலட்டுக்குப் போடும் லெட்டூஸ் கீரையைப் பார்க்க வருகிறாள். பிடித்துப்போனால் வாராவாரம் கேன்டீனுக்கு இவள் தோட்டத்து இலைதான்.

அக்காவின் கவலை வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அவளுக்கு நாக்கு செத்துப்போனது. உப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. முட்டிவலி என்று சொல்லி, அதே கேன்டீனில் பார்த்த வேலையை விட்டாள். சமையல்காரிக்கு ருசி தெரியாது என்று வெளியே தெரிந்தால் இருபது வருஷப் பேர் என்னாவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். இருந்தாலும் மறைத்துவிட்டாள்.

வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். தோட்டத்துக்கு ருசி பார்ப்பவரும் அவரே. தபாலாபீஸில் முப்பது வருஷம் ஒருவரையும் பகைக்காமல் ஓய்வு பெற்ற மனிதர். எதைக் கொடுத்தாலும் "அருமை" என்பார். அவரைப் போய் ருசி பார்க்க வைத்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்!

தொட்டிகளில் நாலு ரகம்: உருண்டை, சுருட்டை, சிவப்பு, நெட்டை. விதைகளை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து முளைக்கவிட்டு, நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்கடியில் வளர்த்தாள். வெயில் ஏறினால் லெட்டூஸ் நடுத்தண்டை உயர்த்திப் பூக்கப் பார்க்கும். அப்புறம் இலையெல்லாம் கசப்பு. நெட்டை உயர்ந்தபோது, ரகமே நெட்டைதானே என்று அக்கா இருந்துவிட்டாள்.

"என்னக்கா, மாடியையே காடாக்கிட்டீங்க!" என்றபடி தலைமைச் சமையல்காரி வந்தாள். உருண்டையைக் கடித்தாள், தலையாட்டினாள். சுருட்டை, சிவப்பு, இரண்டுக்கும் தலையாட்டினாள். நெட்டையில் மெல்லுவது நின்றது.

"அக்கா, இது வாயில வைக்க முடியாம கசக்குதே. நீங்க தின்னு பாக்கலையா?"

வீட்டுக்காரர் பாய்ந்து வந்து ஒரு முழு இலையை வாயில் திணித்தார். "எங்கே கசக்குது? அருமையாத்தானே இருக்கு!" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏங்க, என் முகத்தைப் பாத்து உண்மையைச் சொல்லுங்க."

அவர் மெல்ல விழுங்கினார். "கசக்குது. பத்து நாளாவே கசக்குது. நீ ஆசையா நீட்டுறப்போ எப்படிச் சொல்றது?"

அக்காவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டின. வந்தவள் பக்கம் திரும்பினாள். "எனக்கு ருசி தெரியாதும்மா. ரெண்டு வருஷமாச்சு. முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

தலைமைச் சமையல்காரி நெட்டை இலையைக் கீழே வைத்தாள். பிறகு, "மத்த மூணு ரகமும் அனுப்புங்கக்கா. ஆனா நானே தின்னு பாத்துதான் எடுப்பேன். சாரை நம்ப மாட்டேன்," என்று அக்காவின் கையை அழுத்திவிட்டு இறங்கிப் போனாள்.

அப்பாடா என்று உட்கார வேண்டிய அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"அப்போ இந்த ரெண்டு வருஷமா என் சமையல்?"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஏற்கெனவே நனைந்திருந்த தொட்டிகளுக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.