முதல் வரியில் ஸ்டெல்லா

போன வாரம் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஒரு போன். சரக்கு ஏஜென்ட். "உங்க புரோகிராம் போட்ட கணக்குல நாப்பது கிலோ காணோம். ஃபிளைட்ல ஏத்துற வெயிட் சார்... விளையாட்டா?"

உடனே அந்த புரோகிராமைத் தேடி எடுத்தேன்.

ஜாலான் புசார் தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். அங்கே ஒரு வழக்கம் — ஒவ்வொரு புரோகிராமின் முதல் வரியிலும் எழுதியவர் பெயர் இருக்கவேண்டும். தப்பு நடந்தால் அந்த வரியைப் பார்த்தால் போதும். பார்த்தோம். ஸ்டெல்லா.

வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா அந்தப் பொண்ணு வேற இடம் பார்த்துக்கட்டும்" என்றார் மேனேஜர்.

அவள் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அவள் எழுதியதை, அவளுக்குத் தெரியாமல், மூன்று முறை துருவினேன். தப்பே இல்லை. அதோடு விட்டேனா? எதையோ மறைக்கிறாள் என்றுதான் தோன்றியது!

புதன்கிழமை இரண்டு டிஸ்க்கோடு வந்தாள். அவள் சர்ச் பாட்டுக் குழுவில் இருக்கும் ஓர் இன்ஜினியர் கொடுத்தாராம். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர். இலவசம். தப்பு நம் ஆபீஸ் கம்பைலரில் இருக்குமோ என்று பார்க்கக் கொண்டுவந்தாளாம்.

"சும்மா குடுக்கிறாங்களா? உள்ள என்ன வெச்சிருக்காங்களோ..." என்றேன்.

"உள்ள இருக்கிற எல்லா வரியும் கூடவே குடுத்திருக்காங்க அண்ணே. படிச்சுப் பார்க்கலாம்லா. நம்ம ஆபீஸ்ல வாங்கின கம்பைலரை அப்படித் திறந்து பார்க்க முடியுமா?"

முடியாது. அது சீல் வைத்த பெட்டியில், தடித்த புத்தகத்தோடு வந்தது. அதனாலேயே நம்பியிருந்தோம்.

அவளுடைய புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் புதிய கம்பைலரில் ஓட்டினோம். நாற்பது கிலோவும் வந்துவிட்டது.

பெட்டி விற்றவருக்கு போன் போட்டேன்.

"ஓ, அதுவா? எங்களுக்குத் தெரியும் சார். அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்."

தெரியுமாம்! எத்தனை மாதமாக? அதை மட்டும் சொல்லவில்லை. இங்கே ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது... எனக்குக் கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

இலவசத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கலாமே?

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா புது பிரின்ட் அவுட்டை என் கையெழுத்துக்காக நீட்டினாள். முதல் வரி — எழுதியது: ஸ்டெல்லா. இரண்டாவது வரி — மாற்றித் தந்தது: கம்பைலரின் பெயர். மூன்றாவது வரி — சந்தேகப்பட்டது: என் பெயர்.

அதன் கீழேயே கையெழுத்துப் போட்டேன்.