என் மனைவி, ஒரு பல் டாக்டர், நிறையப் பனி

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு பல் டாக்டருடன் மலையேறப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால்தான் என்று எழுதிவிடலாம்... ஆனால் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என்னைப் படிக்கிறவர்கள் நீங்கள். நம்பமாட்டீர்கள்.

நாங்கள் இருப்பது மேற்கு ஜெர்மனியில், ஃப்ரைபுர்க் என்ற ஊரில். ஊரை ஒட்டிய மலைகளுக்குக் கருங்காடு என்று பெயர். பெயர்தான் கருங்காடு — குளிர்காலம் முழுக்க வெள்ளைக்காடு! எனக்கு இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற வேலை.

குளிர் ஆரம்பிக்கும்போதே டாக்டர் எச்சரித்துவிட்டார். "ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. நாற்காலியை விட்டு எழுந்து வெளியே நடங்கள்."

முழங்கால் அளவு பனியில் எங்கே நடப்பது?

மாடி வீட்டு ஹெர் கெல்லர் — ஹெர் என்றால் இங்கே திரு — வழி சொன்னார். பல் டாக்டர். தனி ஆள். ஆறடிக்கு மேல் உயரம். சிரித்தால் பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கும். ஞாயிறுதோறும் நண்பர்கள் சிலரோடு ஸ்னோ ஷூ கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பாராம். "நீங்களும் வாருங்கள். என்னிடம் உபரியாக இருக்கிறது" என்றார்.

ஸ்னோ ஷூ பார்த்திருக்கிறீர்களா? டென்னிஸ் பேட்டின் கைப்பிடியை வெட்டி எறிந்துவிட்டு, வலையை மட்டும் பெரிதாக்கி, பூட்ஸுக்கு அடியில் தோல்வாரால் கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுதான். கால் புதையாமல் பனிமேல் நடக்கலாம். அப்படித்தான் சொன்னார்கள்.

"நானும் வரேங்க, துணைக்கு" என்றாள் சரோஜா.

துணைக்கு! இந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கு வந்து மூன்று குளிர்காலம் அவள் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவிலேயே கழித்தவள். என்னுடைய பழைய கம்பளி பேண்ட்டைப் போட்டு, அதன்மேல் சேலையைத் தூக்கிச் செருகி, கோட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கெல்லர் தன் தங்கை விட்டுப்போன ஜோடியை அவளுக்குக் கொடுத்தார்.

முதல் அடியிலேயே நான் தொடைவரை இறங்கினேன். இழுத்துவிட்டார்கள். அடுத்த அடி, மறுபடி. எடையைப் பரப்பளவால் வகுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன். நான் இரண்டு சரோஜா கனம். வலையோ ஒரே அளவு.

அவள்? ஜவுளிக்கடையில் விரித்த ஜமுக்காளத்தின்மேல் நடப்பதுபோல் நடந்தாள். பனியில் தடம்கூடச் சரியாக விழவில்லை.

"ப்ராவோ, ஃப்ராவ் சரோஜா!" என்று கெல்லர் கைதட்டினார். ஃப்ராவ் என்றால் திருமதி.

என்னைப் பார்த்து யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மட்டும் முதுகில் தட்டினார்... பனியை உதறுவதற்காக.

இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு மூட்டு வலி என்று சொல்லி நின்றுகொண்டேன். நான் நின்றால் அவளும் நிற்பாள் என்று நினைத்தேன். துணைக்குத்தானே வந்தாள்?

"நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் போய்ட்டு வந்துடறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிறு சாயங்காலங்கள் மாறிவிட்டன. மூக்கு நுனி சிவக்க உள்ளே வருவாள். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாள். "கெல்லர் சொன்னார், அந்த மரத்துக்கு இன்ன பேராம்." "கெல்லர் சொன்னார், நரி வந்த தடத்துலேயே இப்படித்தான் திரும்பிப் போகுமாம்." என் ஜெர்மன் ஆராய்ச்சிக்கூட வாசலோடு சரி. அவளோ ரொட்டிக்கடைக்காரியோடு வம்பு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அப்படி என்னதான் பேசிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோல.

"என்னத்தைப் பேசறது? மூச்சு வாங்கவே சரியா இருக்கும்."

"அவ்வளவு நேரமுமா?"

அவள் ஒருமாதிரி பார்த்தாள். நான் குளியலறைக்குப் போய், கண்ணாடியில் என் பற்களைப் பார்த்துக்கொண்டேன். வெற்றிலைக் கறை போகவே இல்லை.

போன ஞாயிறுக்கு வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. எதிர்வீடு மறைந்தது. அவர்கள் வழக்கமாக வரும் பஸ் வந்தது — ஒருவரும் இறங்கவில்லை. உரித்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, மேலே போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஆள் நடந்து நடந்து பனி இறுகிப்போன காட்டுப்பாதையில் ஏறினேன். "சரோஜா! சரோஜா!" என்று கத்தினேன். குரல் நாலடி தாண்டவில்லை. பனியில் தமிழ்ப் பெயரைக் கூப்பிடுகிற ஒரே ஆள் நான். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மதுரையில் இருக்கும் அவள் அப்பாவுக்கு என்ன சொல்வேன்? கால் வலி, மூச்சு இரைப்பு எதுவும் தெரியவில்லை. ஏறிக்கொண்டே இருந்தேன்.

மூடுபனிக்குள் ஏதோ அசைந்தது. சின்ன உருவம் ஒன்று. அதன்மேல் சாய்ந்தபடி நெட்டை உருவம் ஒன்று.

சரோஜாதான். அவள் தோளில் கெல்லர்.

"வார் அறுந்து பள்ளத்துல விழுந்துட்டார். கால் பிசகிடுச்சு. மத்தவங்க ஆம்புலன்ஸுக்கு போன் பண்ண குறுக்கு வழியில முன்னாடி ஓடிட்டாங்க. அந்தப் பக்கம் பிடிங்க!"

"உனக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தானே அவ்வளவு தூரம் ஏறினேன்? என் வாயிலிருந்து வந்தது இது:

"இவ்வளவு தூரமும் இவர் உன் தோள்மேலதான் சாஞ்சுட்டு வந்தாரா?"

"பெரிய ஆளுங்க பிடிச்சா ரெண்டு பேருமா புதையறாங்க. நான்தான் லேசு. இங்க பாதை கெட்டி, பேசாம பிடிங்க."

பிடித்தேன். கெல்லர் வலியிலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதும் பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வீடு திரும்பினோம். மறுநாள் அவர் கட்டுப் போட்ட காலோடு வந்து சேர்ந்தார். சரோஜா மிளகு ரசம் வைத்து ஒரு பாத்திரத்தில் ஊற்றி, மாடிக்குக் கிளம்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு ஜுரம் வந்தப்போகூட நீ இவ்வளவு அவசரமா ரசம் வைக்கல."

அவள் பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். உட்கார்ந்தாள்.

"அந்த மனுஷன்மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபம் இல்ல."

"பின்ன?"

அவளே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"இங்க வந்து மூணு வருஷம். பார்க்கிறவங்க எல்லாம், உங்க வீட்டுக்காரர் என்ன ஆராய்ச்சி பண்றார்னுதான் கேட்டாங்க. எனக்கு ஒரு பேர் இருக்குன்னே மறந்து போச்சு. மலைமேலதான் என்னைச் சரோஜான்னு கூப்பிடறாங்க. நான் முன்னாடி போனா பின்னாடி வராங்க. இதுல கெல்லர் எங்க வந்தார்? அவர் இடத்துல ஒரு பாட்டி இருந்தாலும் நான் போயிருப்பேன்."

ரசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பொறாமை பல் டாக்டர்மேல் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அவர்மேல் கொஞ்சம்தான். பெரும்பங்கு சரோஜாமேல்! எனக்கு இந்த ஊரில் ஒரு மேஜையும் நாற்காலியும் கிடைத்தன. அவளுக்கு ஊரே கிடைத்துவிட்டது. என்னை நம்பித் துணைக்கு வந்தவள், என் துணை இல்லாமலே நன்றாக இருக்கிறாள். இதை எந்தப் புருஷனால் ஒரே நாளில் ஜீரணிக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்!

புதன்கிழமை அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கெல்லர் எழுந்து நடக்கும்வரை ஃப்ராவ் சரோஜாதான் முன்னால் நடந்து வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை. வருகிறீர்களா என்கிற பார்வை.

"வரேன்" என்றேன். "ஆனா கடைசியிலதான் வருவேன். புதைஞ்சா யாராவது நிக்கணும்."

"நான் நிக்கறேங்க" என்றாள்.

மனசு லேசானது. உண்மையாகவே.

இன்று காலை ரேடியோவில் சொன்னார்கள், அடுத்த வாரம் பனி உருக ஆரம்பிக்குமாம். அப்பாடா என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"அதனால என்னங்க? கெல்லர்கிட்ட ஒரு படகு இருக்காம்!" என்கிறாள்.