பின் சீட்டுக்கு ஒரு ரேடியோ

அந்தக் காரின் முகப்புப் பலகையை அறுத்தவன் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்ளாமல் இத்தனை வருடம் எழுதிப் பார்த்தாயிற்று, எதுவும் சரியாக வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு ரேடியோக் கடையில் எனக்குப் பழுது பார்க்கும் வேலை. வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் ஒரு காலையில் சாக்கில் சுற்றிய கார் ரேடியோவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் காரிலிருந்து கழற்றியது. அண்ணனுடைய காரோ யுத்தத்துக்கு முந்தியது. ஏற்றத்தில் இருமும், இறக்கத்தில் முனகும்.

"அண்ணே, இந்தக் கெழவிக்குக் கம்மலா?" என்றேன்.

"கம்மலோ மூக்குத்தியோ, நீ குத்து தம்பி. வலிச்சா அது கத்தும், நீ ஏன் கத்துற?"

ரேடியோ பெரிது, இடம் சிறிது. சாமான் வைக்கும் குழியை அறுத்து அதை உள்ளே தள்ளினேன். மட்கார்டில் துளையிட்டு ஏரியலை நட்டேன். பழைய இங்கிலீஷ் கார்களில் பெட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதை மறந்து வயரை மாற்றிக் கொடுத்து ஒரு பியூஸைப் பொசுக்கினேன். பிறகு பாடியது. இன்ஜினை முடுக்கினால் பாட்டுக்குள் பிளக்கின் நெருப்பு டிக் டிக்கென்று வெடித்தது. ஒரு கண்டென்சரைப் போட்டு அதையும் அடக்கினேன். கடைசியாக ஸ்பீக்கரை முன்பக்கம் திருகப் போனபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"முன்னுக்கு வேணாம். பின் சீட்டுக்குப் பின்னால வை."

"ஒங்களுக்குச் சரியாக் கேக்காதே, அண்ணே."

"எனக்குக் கேட்டு என்னா ஆகப் போவுது? அழுவுறவங்க பின்னாலதானே இருக்காங்க."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். வெளியில் செத்தவர்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது, டவுனிலேயே புதைக்க வேண்டும் என்று மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை சட்டம் போட்டிருந்தார். கேட்டில் குறுக்குத் தடி போட்டு, காவலுக்கு ஒரு வாச்சர். அதனால் ஆஸ்பத்திரியில் செத்தவர்களை உயிரோடிருப்பவர்கள் போல நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் தாங்கிக்கொண்டு வருவார்கள். கார் கேட்டைத் தாண்டும் வரை யாரும் அழக் கூடாது. அந்தக் கொஞ்ச நேரம்தான் யாராலும் முடிவதில்லை. போன மாதம் ஒரு தாய் வாயைப் பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஸ்பீக்கரைப் பின்னால் வைத்தேன். நேராக, அவர்களுடைய காதுக்கு.

மறுநாள் பிற்பகல், மலை மடிப்புகளில் ஸ்டேஷன் எங்கே கிடைக்கிறது, எங்கே செத்துப்போகிறது என்று பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். மூன்று பேர் ஏறினார்கள். இரண்டு பேர் என்று சொல்ல வேண்டும். காய்ச்சலில் அன்று காலை போன ஒரு பெண், அவளுடைய புருஷன், அவனுடைய அக்கா. முக்காட்டை இழுத்துவிட்டு, அவளுடைய மடியில் ஒரு துணிப்பையை வைத்து, அதன் மேல் அவள் கையை எடுத்து வைத்தான் அவன்.

"புள்ளைங்க இவ மூஞ்சியப் பாக்கணுங்க. அவ்வளவுதான். பாக்காமப் பொதைச்சா அதுங்க நம்பாதுங்க. தேடிக்கிட்டே திரியும்."

கார் ஏறியது. வளைவுக்கு வளைவு அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது, அடுத்த வளைவில் அக்காவின் தோளில். நான் திரும்பவில்லை. ஆனால் டிரைவரின் கண்ணாடி பின் சீட்டை எனக்கும் கொஞ்சம் காட்டியது. பனியில் கண்ணாடிகள் வெளுத்துப்போக, உள்ளே எல்லோருடைய மூச்சும் புகைந்தது. ஒருவருடையதைத் தவிர.

அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் மறந்துவிட்டேன். வால்வு ரேடியோ சூடேற அரை நிமிடமாவது பிடிக்கும், முன்கூட்டியே போட வேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்தியவன் நான். கேட்டின் தடி கண்ணெதிரே வந்த பிறகுதான் திருகினேன். சின்ன விளக்கு எரிந்தது. சத்தமில்லை.

கார் நின்றது. கம்பளி போர்த்திய வாச்சர் குனிந்தார். பின்னால் அக்காவின் தொண்டையில் என்னவோ புரண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்தேன். பாடு. பாடித் தொலை.

குனிந்தவர் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது வெடித்தது பாட்டு, கல்யாண வீட்டுக் கும்மாளப் பாட்டு. நான்கு பேரும் உடம்பு தூக்கிப்போட அதிர்ந்தோம். பின் சீட்டின் நடுவில் மட்டும் அசைவில்லை.

"நடுவுல இருக்கிற தங்கச்சி தூங்குதா?" என்றார் வாச்சர்.

"ஊசி போட்ட அசதி," என்றார் டிரைவர்.

வாச்சர் தலையிலிருந்த கம்பளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மழைத் தூறல் அவருடைய நரைத்த முடியில் விழுந்தது. தடியைத் தூக்கினார்.

"பாட்டைக் கூட்டி வைங்க. பங்களாத் திருப்பத்துல தொரை நிக்கிறாரு."

கூட்டினேன், முழுவதும். பங்களாவும் துரையும் அவருடைய நாயும் பின்னால் போயின. அதன் பிறகு குறைக்க வேண்டும் என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கு முன்பே பாட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டோடு ஒரு கார் அங்கே வந்ததே இல்லை. கதவுகள் திறந்தன. மூன்று பிள்ளைகள் எல்லோரையும் முந்திக்கொண்டு சரிவில் ஓடிவந்தன. கடைக்குட்டி, நாலு வயதிருக்கும், இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டே வந்தாள்.

"அம்மா பாட்டுக் காருல வந்துருச்சு! அம்மா பாட்டுக் காருல வந்துருச்சு!"

அந்தப் புருஷன் நினைத்தது நடந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தார்கள். நான் ரேடியோவை அணைத்தேன். அக்கா அதுவரை வைத்திருந்ததையெல்லாம் ஒரே குரலாக விட்டாள். லயம் முழுவதும் அதைத் தொடர்ந்தது.

சின்னவளுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. பாட்டு நின்ற பிறகும், அந்த அலறலுக்குள், அவள் இரண்டு மூன்று அடி ஆடினாள்.