பாலப்பத்தின்ர கரை

நீங்கள் சிரிப்பியள் எண்டு தெரியும், சிரியுங்கோ, உங்கட இடத்தில நான் இருந்தால் நானும் சிரிச்சிருப்பன். பேய், ஆவி எண்டு ஆரும் கதைக்க வெளிக்கிட்டால் எழும்பிப் போற ஆள் நான். பெரியமடுவில பிறந்து வளர்ந்தனான், வயல் காவலுக்கு அப்பாவோட கொட்டிலில படுத்திருக்கிறன், ஆனைக்குப் பயந்திருக்கிறன், பாம்புக்குப் பயந்திருக்கிறன், செத்த ஆக்களுக்கு ஒருநாளும் பயந்ததில்லை. செத்தவை பாவம், அவை எங்களை என்ன செய்யப் போகினம் எண்டுதான் நினைப்பன். அப்பிடிப்பட்ட நான் ஒரு செத்த பொம்பிளையில பொறாமைப்பட்டுப் பட்டே ஒரு வருசத்தைக் கழிச்சிருக்கிறன்.

எனக்கு முப்பத்தாறு வயசிலதான் கலியாணம் சரிவந்தது. இவர், குணசீலன், மன்னார் ரவுணில ஒரு கந்தோரில காணிப் படம் கீறுற வேலை. அவருக்கு இது இரண்டாம் கலியாணம். முதல் மனிசி ஜெசிந்தா, பள்ளிமுனைப் பக்கம், வேதக்கார ஆக்கள், கிறிஸ்தவ சமயம். காய்ச்சல் வந்து நாலே நாளில செத்துப்போனா, பிள்ளைகளும் இல்லை. எல்லாம் சொல்லித்தான் கேட்டவை, நானும் ஓமெண்டுதான் சொன்னனான். உயிரோட இருக்கிற ஒருத்தி எண்டால் யோசிக்கலாம், செத்த ஆளோட என்ன போட்டி எண்டு நினைச்சன். எவ்வளவு பெரிய மடச்சி நான் எண்டு மன்னாருக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

உண்மையைச் சொன்னால் மன்னார் எனக்கு வந்த உடனேயே பிடிச்சுப்போச்சுது. கோட்டை, கடலுக்கு நடுவால போற றோட்டு, அந்தக் காத்து, ஆரும் கேட்பாரில்லாமல் கடை வாசலில நிண்டு தூங்குற கழுதையள். கழுதைக்கு விலத்தி வாகனம் போற ரவுணை நான் வேற எங்கயும் காணேல்ல. இவர் கந்தோருக்குப் போனதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவன். ஒரு புது ஊர் எங்கட ஊராக வேணும் எண்டால் முதல்ல நல்ல மீன் ஆரிட்ட, நல்ல தேத்தண்ணி எங்க, பின்னேரக் காத்துக்கு எங்க போய் இருக்கிறது, இதையெல்லாம் நாங்களே கால் நோக நடந்து கண்டுபிடிக்க வேணும் எண்டது என்ர எண்ணம். கண்டுபிடிச்சுப்போட்டு இரவு இவருக்குச் சொல்லிப் பெருமைப்பட வேணும்.

மீன் சந்தையில நாலைஞ்சு பேரிட்ட ஏமாந்து, கடைசியில சாடையா விந்தி நடக்கிற ஒரு ஆளைப் பிடிச்சன், மீன் அப்பிடி நல்ல மீன். மூண்டாம் நாள் அவர் நான் ஆரெண்டு கேட்டார், சொன்னன். உடன முகம் மலர்ந்து, ‘ஐயோ, எங்கட ஜெசிந்தாவின்ர வீடோ, அந்தப் பிள்ளைக்கு ஒட்டி மீன் எண்டால் உயிரெல்லோ’ எண்டு சொல்லி, நான் கேட்காமலே ஒட்டியில நாலை எடுத்துப் பையில போட்டார். நான் வாங்க வந்தது பாரை.

தேத்தண்ணிக் கடையும் அப்பிடித்தான். இஞ்சி கூடப் போட்ட வெறுந்தேத்தண்ணி ஒண்டு, அதைக் குடிச்சால் காதுக்குள்ளால சூடு போகும், எவ்வளவு பெருமையா இவருக்கு வந்து சொன்னன் தெரியுமோ. அவர் ஒரு கணம் பேசாமல் இருந்திட்டு, ஓம் அது நல்ல கடை எண்டார். அந்த ஒரு கணம் போதும், பொம்பிளையளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கோட்டைக்குப் பக்கத்தில காத்துக்கு இருக்க ஒரு கல் கண்டுபிடிச்சன், அதுக்கும் அதே ஒரு கணம். சட்டை தைக்கக் குடுத்தால், தைக்கிற பிள்ளை என்ர கையளவை எடுத்துக்கொண்டு, அவவுக்குக் கை இன்னும் மெல்லிசு எண்டுது. நீங்களே சொல்லுங்கோ, எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? இவர் அவவைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கமாட்டார், படத்தைக் கூட அலுமாரிக்குள்ள சீலைக்குக் கீழதான் வைச்சிருந்தவர். ஆனால் ஊர் முழுக்க அவ இருந்தா. நான் போற இடமெல்லாம் எனக்கு முதல் போய் இருந்திட்டு எழும்பிப் போன மாதிரி, கதிரையில சூடு ஆறாமல் கிடந்தது.

அப்பதான் மலரக்காவைக் கண்டுபிடிச்சன். தாழ்வுபாட்டு றோட்டால போய் ஒரு ஒழுங்கைக்குள்ள திரும்ப, தகரக் கொட்டில் ஒண்டு, வாசலில ஒரு பூவரசு, அதுக்குக் கீழ ஆக்கள் இருக்க ஒரு நீட்டு மர வாங்கு. பின்னேரம் நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவா, ஆறு மணிக்கு மா முடிஞ்சிடும். அவ சுடுற பாலப்பம் இருக்கே, நடுவில தேங்காய்ப்பால் தளும்பும், கரை பொன் நிறத்தில முறுகிச் சுருண்டு நிற்கும். மலரக்கா இலுப்பைக்கடவைக்காரி, மன்னாருக்கு வந்தே ஒரு வருசம்தான், ஜெசிந்தா செத்ததுக்குப் பிறகு வந்தவ. நான் மெல்லமாக் கதை குடுத்து விசாரிச்சுப் பார்த்திட்டன், அந்தப் பேரே அவவுக்குத் தெரியாது. எனக்கு வந்த சந்தோசத்தை என்னெண்டு சொல்ல. இந்த ஊரில ஒரு இடம், ஒரே ஒரு இடம், எனக்கு மட்டும் எண்டு கிடைச்சிட்டுது. இவருக்குக் கூட நான் சொல்லேல்ல.

அதில இன்னொரு விசயம் இருக்கு, இதைக் கவனமாக் கேளுங்கோ. எனக்குப் பாலப்பத்தில கரைதான் விருப்பம், நடு வேண்டாம், இனிச்சுச் சொதசொதவெண்டு இருக்கும். மலரக்கா பார்த்தால் கவலைப்படுவா எண்டு, அவ அடுப்புப் பக்கம் திரும்பியிருக்கேக்க கரையை உடைச்சு உடைச்சுத் தின்னிட்டு நடுவைக் கழுதைக்குக் குடுத்திடுவன். காது கிழிஞ்ச ஒரு கழுதை அந்த நேரத்துக்குச் சரியா வந்து வாங்குக்குப் பக்கத்தில நிற்கும். ஆக, எனக்குக் கரைதான் விருப்பம் எண்டது உலகத்தில எனக்கும் அந்தக் கழுதைக்கும் மட்டும்தான் தெரியும்.

தீபாவளி வந்துது. எங்கட ஊரில தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் செத்தவைக்குப் படைக்கிறது வழக்கம். உயிரோட இருக்கேக்க என்னென்ன விருப்பமோ, மீனோ இறைச்சியோ, எல்லாம் சமைச்சு இலையில வைச்சு, விளக்கைக் கொளுத்தி, அறையைப் பூட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் வெளியில இருப்பம். பிறகு கதவைத் தட்டிப்போட்டுத் திறப்பம். ஆசை தீர்ந்தால் அவை இந்தப் பக்கம் திரும்பிப் பாராமல் போயிடுவினம் எண்டு சொல்லுவினம். எனக்கு இதில நம்பிக்கை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. வேதக்காரப் பிள்ளைக்கு ஆர் படைச்சிருக்கப் போகினம், அதுதான் இன்னும் ஊருக்குள்ள சுத்திக்கொண்டு திரியிறா, ஒருக்கால் வயிறு நிறையக் குடுத்து அனுப்பிவிடுவம் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு இவரிட்டக் கேட்டன்.

முதல்ல வேண்டாம் எண்டார். அவவின்ர வீட்டாக்கள் பூசை குடுக்கினம், கல்லறையில மெழுகுதிரி கொளுத்தினம், அது காணும் எண்டார். நான் விடேல்ல, என்னென்ன விருப்பம் எண்டு சொல்லுங்கோ எண்டன். அண்டைக்குத்தான் அந்த மனிசன் முதல்முதலா வாயைத் திறந்து அவவைப் பற்றிக் கதைச்சார். பொரிச்ச ஒட்டி, நண்டுக் குழம்பு, இஞ்சித் தேத்தண்ணி. சொல்லச் சொல்ல முகத்தில ஒரு வெளிச்சம். கடைசியாச் சொன்னார்:

“பாலப்பமும் எண்டால் போதும். ஆனால் நடுவைத்தான் தின்னுவா. கரையைக் காப்பு மாதிரி வட்டமா விட்டிடுவா, உடையாது. எப்பிடித்தான் எடுக்கிறாவோ தெரியாது.”

பாலப்பமுமோ? என்ர பாலப்பமுமோ? இவருக்கு முன்னால ஒண்டும் காட்டாமல், பாலப்பம் இஞ்ச நல்லது கிடைக்காது, மற்றதுகளைச் செய்வம் எண்டன். பச்சைப் பொய். அவரும் நம்பி, பாவம், சரியெண்டு சொல்லிப்போட்டு அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுச் சந்தைக்குத் தானே போய் மீனும் நண்டும் தெரிஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கெண்டு அந்த மனிசன் ஒருநாளும் அப்பிடி ஓடித்திரிஞ்சதில்லை. நண்டு கழுவேக்க என்ர கண் கலங்கினது மிளகாய்த்தூளால இல்லை.

நாலு மணிக்கு, தேங்காய் வாங்கிவாறன் எண்டு சொல்லிப்போட்டு மலரக்காவிட்ட ஓடினன். ரெண்டு பாலப்பம் கட்டிக்கொண்டு வந்து, குசினியில ஒரு தட்டில வைச்சு, பெரிய சோத்துப்பானையைக் கவிட்டு மூடினன். எல்லாத்தையும் அவ தின்னட்டும், இது எனக்கு. செத்த ஆளுக்கு ஒளிச்சுத் தின்ன நினைச்ச ஒருத்தியை நீங்கள் இதுக்கு முதல் பார்த்திருக்கமாட்டியள், பார்த்துக்கொள்ளுங்கோ.

அஞ்சரைக்கு எல்லாம் ஆயத்தம். மழை தூறத் தொடங்கியிருந்தது. அலுமாரிக்குள்ள கிடந்த படத்தை இவர் எடுத்துக்கொண்டு வந்து துடைச்சு வைச்சார், அண்டைக்குத்தான் அந்த முகத்தை நான் வடிவாப் பார்த்தன். சாதாரண முகம். அதுவும் எனக்கு எரிச்சல், பெரிய வடிவெண்டாலாவது மனசு ஆறியிருக்கும். விளக்கைக் கொளுத்திப்போட்டு, இலை வைச்ச நடு அறை, சாலை எண்டுறது, அதின்ர கதவைச் சாத்தி நாங்கள் ரெண்டு பேரும் முன் விறாந்தையில இருந்தம். எங்கட வீட்டில குசினிக்குப் போக அந்தச் சாலைக்குள்ளாலதான் போக வேணும். குசினிப் பின்கதவுக்கு நான் என்ர கையால உள்ளுக்குக் குறுக்குக்கட்டை போட்டனான், யன்னலுக்குக் கம்பிவலை. இவர் என்ர பக்கத்துக் கதிரையை விட்டு அசையேல்ல. இதை ஏன் சொல்லுறன் எண்டால், பிறகு நீங்கள் பூனை எண்டுவியள், எலி எண்டுவியள், இவர் எண்டுவியள்.

இருபது நிமிசம் இருந்திருப்பம். சத்தம் ஒண்டும் இல்லை, மழைதான். தட்டிப்போட்டுத் திறந்தம். இலையில வைச்சது வைச்சபடி. ஒட்டி மீனில ஒரு துண்டு அசையேல்ல, தேத்தண்ணி அப்பிடியே ஆறிக் கிடந்தது. இவர் குனிஞ்சு தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “அவ வரேல்லப் போல” எண்டார். நான் என்ன நினைச்சன் தெரியுமோ, நல்ல வேலை எண்டு நினைச்சன். கடவுளுக்குப் பொதுவாச் சொல்லுறன், அந்த நேரம் எனக்குச் சந்தோசமா இருந்தது. இவரை முகம் கழுவச் சொல்லிப்போட்டு, என்ர பங்கைத் தின்னுவம் எண்டு குசினிக்குள்ள போனன்.

பானையைத் தூக்கினன். ரெண்டு வட்டம் கிடந்தது. கரை மட்டும். நடு இல்லை, வழிச்ச மாதிரி இல்லை, கடிச்ச மாதிரி இல்லை, ஒரு துகள் தட்டில இல்லை. ரெண்டு காப்புக் கழட்டி வைச்ச மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு.

பயம் வரேல்ல. நம்பினால் நம்புங்கோ, முதல் வந்தது கோபம். இதையும் விடமாட்டியோ எண்டு வாய்விட்டே கேட்டன். கையால எடுத்தன், எடுத்த உடன கை சுட்டுது. நாலரைக்குக் கொண்டு வந்த அப்பம், மழைக் குளிருக்க, மூடி வைச்ச அப்பத்தின்ர கரை பத்து நிமிசத்தில துவண்டு போகும், சமைக்கிற ஆக்களுக்குத் தெரியும். இது இப்ப தாச்சியால எடுத்த மாதிரிச் சூடு, உடைக்க ‘படக்’ எண்டுது. அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. கோபம் போய், உச்சந்தலையில இருந்து குளிர்ந்துது. நான் ஒளிச்சதை அவ கண்டுபிடிச்சிட்டா, சரி. தனக்கு விருப்பமானதை எடுத்திட்டா, அதுவும் சரி. எனக்கு விருப்பமானதைச் சூடாறாமல் விட்டிட்டுப் போயிருக்கிறா. எனக்குக் கரைதான் விருப்பம் எண்டு அவவுக்கு ஆர் சொன்னது?

நான் நிண்ட நிலையில ரெண்டு கரையையும் தின்னன். தின்னேக்க அழுகை வந்துது, ஏனெண்டு கேட்காதேங்கோ. இவருக்கு இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்ல. சொன்னால் அவ வந்தவ எண்டு அந்த மனிசன் எவ்வளவு சந்தோசப்படும் எண்டு தெரியும். தெரிஞ்சுதான் சொல்லேல்ல. என்ர குணம் அவ்வளவுதான், என்ன செய்ய. படத்தை மட்டும் திரும்ப அலுமாரிக்குள்ள வைக்கவேண்டாம் எண்டு சொன்னன், இப்ப அது சாலைச் சுவரில இருக்கு.

மலரக்காவிட்ட இப்பவும் போறனான். ரெண்டு கிழமை கழிச்சுத்தான் ஒண்டைக் கவனிச்சன். அந்தக் காது கிழிஞ்ச கழுதை இப்ப என்ர கையால நடுவை வாங்காது. வழமை போல வரும், கிட்ட வந்து மணக்கும், பிறகு ரெண்டு அடி பின்னால வைச்சு நிண்டிடும். நிண்டு பார்க்கும், என்னை இல்லை, வாங்கில எனக்குப் பக்கத்தில. நடுவை அந்தப் பக்கத்தில ஒரு இலைத்துண்டில வைச்சிட்டு வந்திடுவன். அதுக்குப் பிறகு அது என்ன ஆகுதெண்டு நான் திரும்பிப் பார்க்கிறதில்லை.

போன கிழமை மலரக்கா அடுப்படியில இருந்து கேட்டா, ஏன் பிள்ளை உவ்வளவு பெரிய வாங்கில ஒரு ஓரத்தில ஒடுங்கி இருக்கிறீர், ஆரும் வரக் கிடக்கோ எண்டு. அவ கேட்ட பிறகுதான் நான் குனிஞ்சு பார்த்தன், அவ சொன்னது சரி, ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் இருந்திருக்கிறன். இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தன்.