சுப்புராயன் ஃபியட்டுக்குப் பிரேக் பார்த்த கதை

கள்ளக்குறிச்சியில் சுப்புராயன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற யாரும் சும்மா போவதில்லை. வண்டியை நிறுத்தி, கழுத்தை நீட்டி, "கார் ஓடுதாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பால்காரர் கேட்டார், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டார், ரேஷன் கடைக்குப் போகிற பெண்கள்கூடக் கேட்டார்கள். மாசக்கணக்கில் இதே கேள்வி. ஒருத்தராவது "கார் நிக்குதாண்ணா?" என்று கேட்டதில்லை. அதுதான் சுப்புராயனுக்கு எரிச்சல். ஓடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? சரிவில் தள்ளிவிட்டால் உரல்கூடத்தான் ஓடும்.

அவர் அப்படி நினைப்பதில் நியாயம் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அரசு பஸ் ஓட்டியே ஓய்வு பெற்றவர் அவர். மலைப்பாதையில் ஏறும்போது பயணிகள் பயப்படுவார்கள், இறங்கும்போது தூங்குவார்கள். டிரைவருக்கு நேர்மாறு. ஏற்றத்துக்கு இன்ஜின் இருக்கிறது, இறக்கத்துக்குத் தன் கால் ஒன்றுதான் இருக்கிறது என்பார். அந்தக் காலுக்கு மரியாதையும் பலமாக இருந்தது. வண்டியில் ஏறினால் செருப்பைக் கழற்றி சீட்டுக்குக் கீழே தள்ளுவார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், பிறகுதான் சாவி. பிரேக்கை வெறுங்காலால் மிதித்தால்தான் அது என்ன சொல்கிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று அவர் சொல்லிக்கொண்டது பொய்யும் இல்லை.

இத்தனை வருஷத்தில் அவர் பஸ்ஸில் ஏறாத ஒரே ஆள் அவருடைய மனைவி கொளஞ்சியம்மாள். வீட்டுக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலையில் ஓட்டினால் கவனம் சிதறும் என்று ஏற்ற மறுத்துவிட்டார். "ரிட்டேர் ஆவட்டும், நம்ம சொந்த வண்டில உன்ன முன் சீட்டுல வெச்சி வெள்ளிமலைக்கு இட்டுக்கினு போறேன்" என்று எந்த நேரத்தில் சொன்னாரோ, அந்த அம்மாள் அதை மறக்கவே இல்லை. மறக்காதது போகட்டும், சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டாள். கல்யாண வீட்டில், காது குத்தில், எங்கே போனாலும் "இன்னும் மலைக்குப் போவலியா?" என்று அவரைத்தான் கேட்டார்கள்.

சொந்த வண்டி வந்தது மணலூர்பேட்டையிலிருந்து. கொளஞ்சியம்மாளின் தம்பி பகலவன் அங்கே கரும்பு போடுகிறவன். அவன் வாங்கிய நிலத்து மோட்டார் கொட்டகையில், உர மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு பழைய ஃபியட் கார் எலிகளுக்கு வீடாக நின்றிருந்தது. "எடுத்துக்கினு போங்க மாமா, எனக்கு எடம் ஆவுது" என்றான். சுப்புராயன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தகடு பரவாயில்லை, இன்ஜினும் பரவாயில்லை. பிரேக்தான் இல்லவே இல்லை. பெடலை மிதித்தால் அது தரையில் போய்ப் படுத்துக்கொண்டது, திரும்பி வரவில்லை.

இன்ஜினைத் தட்டிக்கொட்டி ஓட வைத்தபோது தெருவே கைதட்டியது. பிரேக் வேலைக்குப் பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பூமாலையை அழைத்தார். அவன் சக்கரங்களைக் கழற்றி, உள்ளிருக்கும் பிரேக் டிரம்மை மூன்று நாள் அடித்து இழுத்த பிறகுதான் அது கையோடு வந்தது. உள்ளே பிரேக் ஷூவின் லைனிங் அப்பளமாக உதிர்ந்தது. சிலிண்டர்களில் துரு. ரப்பர் வாஷர்கள் கல். இரும்புக் குழாயை எலி கடிக்க முடியாதே என்று பார்த்தால் அதையும் துரு கடித்து வைத்திருந்தது. பெடல் மேலிருக்கும் ரப்பரை மட்டும் எலியே கவனித்துக்கொண்டது. தேய்ந்த இரும்புத் தகடு பளபளவென்று நின்றது.

"டயர் துண்டு ஒண்ணு வெட்டிப் போட்டுரவாண்ணா? ஓரம் கருக்கருவாளாட்டம் இருக்குது."

"ஒண்ணும் வேணாம். ரப்பர் போட்டா காலுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இன்னா உன்னாட்டம் பூட்சு போட்டுக்கினா ஓட்டப் போறேன்?"

பூமாலை அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான். உதிரி பாகம் தேடித் தேடியே அவன் பாதி இளைத்துவிட்டான். ஒன்று சென்னையில் கிடைத்தது, ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று எங்கேயும் கிடைக்காமல் லேத்தில் கடைந்து எடுத்ததாயிற்று. எல்லாம் மாட்டி, புது பிரேக் ஆயில் ஊற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிக்கிற வேலை கொளஞ்சியம்மாளுக்கு வந்தது. அடுப்பில் குழம்பு இருந்தது, வந்தாள்.

"மிதிங்க அண்ணி... புடிங்க... விடுங்க... மிதிங்க..."

முடிந்ததும் சுப்புராயன் ஏறி மிதித்தார். முகம் சுருங்கியது.

"இன்னா பூமாலை, பஞ்சாட்டம் இருக்குது? எங்க போயி நிக்குதுன்னே தெரியல. உள்ள காத்து இருக்குது."

"எனக்குக் கெட்டியாத்தானே இருந்திச்சி" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"உனக்கு இன்னா தெரியும்? நீ போயி கொழம்பப் பாரு."

குழம்பு தீய்ந்திருந்தது. அன்று ராத்திரி அதைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது முறை காற்று எடுத்தார்கள். மூன்றாவது முறையும் எடுத்தார்கள். அதற்குள் பகலவன் ஒருநாள் கரும்புக் கட்டோடு வந்தான். மாமா வீட்டில் இல்லை. வந்தவன் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறான். பிரேக் ஆயில் டப்பாவில் கொஞ்சம் கம்மியாக இருந்திருக்கிறது. நல்ல மனசுக்காரன். தன் டிராக்டருக்கு வாங்கி வைத்திருந்த ஆயிலை விளிம்பு வரை ஊற்றி, மூடியை இறுக்கி, அக்காவிடம் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

சில நாளில் நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டன. தள்ளினால் நகரவில்லை. பூமாலை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தான். டிராக்டர் எண்ணெய் பட்டு ரப்பர் வாஷர்கள் எல்லாம் பணியாரமாக உப்பிப்போயிருந்தன. சுப்புராயன் போனில் கத்தியது பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது.

"மச்சான், உன்ன எவன்டா ஊத்தச் சொன்னது?"

"டிராக்டர்ல கியருக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயிலுதான் மாமா. ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேன்னு..."

"நல்லது! எல்லாம் நல்லதுதான்! நல்லது செய்யறதுக்குன்னே எனக்கு வந்து வாச்சிருக்கீங்க பாரு!"

மறுபடி சென்னை, மறுபடி கோயம்புத்தூர். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, குழாய்களைக் கழுவி, புது வாஷர் போட்டு, "மிதிங்க அண்ணி, விடுங்க அண்ணி". இந்த முறை கொளஞ்சியம்மாள் நல்ல நாள் பார்த்தாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாள். பூமாலை ஏறி ஒரு சுற்றுப் போய்வந்து, தெருமுனையில் மிதித்துக் காட்டினான். கார் வைத்த இடத்தில் நின்றது.

சுப்புராயன் ஏறினார். ஒரு சுற்றுப் போனார். இறங்கினார்.

"காத்து இருக்குது."

"இல்லண்ணா."

"இருக்குதுடா. நான் முப்பது வருஷம் மலையில பிரேக் அடிச்சவன், எனக்குத் தெரியாதா?"

"நீ பஸ்ஸுல அடிச்சது வேற. இது சும்மா மிதிச்சா புடிக்காது. அழுத்தணும்."

"அழுத்தாம இன்னா, தடவியா குடுக்கறேன்?"

பூமாலை மறுபடி சக்கரத்தைக் கழற்றினான். பிறகு அதற்கடுத்த வாரமும் கழற்றினான். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினான். மாற்றியதை மறுபடி மாற்றினான். இவர் வருவது தெரிந்தால் பட்டறையின் பின்பக்கமாகப் போய் டீ குடிக்க ஆரம்பித்தான். சுப்புராயனோ ஊரில் உருப்படியாக வேலை தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை என்று தெருவில் நின்று சொன்னார். அவருக்கு நிஜமாகவே அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஒரு பிரேக். ஒரே ஒரு பிரேக் சரியாக வந்தால் போதும், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடலாம். அது வரமாட்டேன் என்கிறது.

கடைசியில் கொளஞ்சியம்மாளே முடிவு கட்டினாள். "மலைக்கு வேணாங்க. அடிவாரம் வரைக்கும் போயி ஓட்டிப் பாருங்க. பூமாலையும் கூட வரட்டும். உங்களுக்குத் திருப்தியா இருந்தா மேல போலாம், இல்லன்னா திரும்பிடலாம்." சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையில் வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். அடிவாரம் வரைக்கும்தான் என்றவள் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பூமாலை இடது பக்கம். சுப்புராயன் செருப்பைக் கழற்றினார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை சொகுசாகத்தான் போனது. மலை எதிரே எழுந்து நின்றது. ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் திடீரென்று குறுக்கே ஓடின. சுப்புராயன் மிதித்தார். மிதித்தேன் என்றுதான் அவர் சாமி முன்னால் சத்தியம் செய்வார். கார் போய்க்கொண்டே இருந்தது. பூமாலை பாய்ந்து கை பிரேக்கை இழுத்தான். ஆடுகளுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி முனகி நின்றது. ஆட்டுக்காரம்மா திட்ட ஆரம்பித்தாள்.

சுப்புராயன் அதைவிட உரக்கக் கத்தினார். "பாத்தியா? இப்ப பாத்தியா? நான் நாயாட்டம் கத்திக்கினு இருக்கேன், காத்து இல்ல காத்து இல்லன்ன! இந்தா பாரு, ஆயிலு வேற ஒழுவுது! பெடல் எல்லாம் ஈரம்!"

பூமாலை சுற்றி வந்து கதவைத் திறந்து குனிந்தான். பெடலிலும் அதன் கீழே தகட்டிலும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினான்.

"ண்ணா, இது ஆயிலு இல்ல. ரத்தம்."

சுப்புராயன் தன் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். பெடலின் தேய்ந்த ஓரம் உள்ளங்காலைக் குறுக்கே கிழித்திருந்தது. ஒரு கெட்ட வெட்டு. வேறு ஒருத்தர் காலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"எப்ப அறுத்துச்சி?" என்றார்.

கொளஞ்சியம்மாள் கதவைத் திறந்தாள். இறங்கி வந்து ரோட்டில் மண்டியிட்டாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். "அந்தாண்ட பாருங்க" என்றாள். அவர் மலையைப் பார்த்தார்.

"இன்னாடி பண்ற? குத்தறதுன்னா குத்தித் தொல."

"குத்திட்டேங்க." அவள் ஊக்கைத் தூக்கிக் காட்டினாள். "மூணு எடத்துல குத்திட்டேன்."

அவர் திரும்பிக் காலைப் பார்த்தார். பிறகு அவள்தான் வெடித்தாள். "சக்கரைக்கு மாத்திரை போடுங்க, மாத்திரை போடுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? எனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு ஒண்ணும் இல்லன்னு... காலு மரத்துக்கினு வருதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" கேட்டுக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்து புண்ணைக் கழுவி, அவர் தோளில் கிடந்த துண்டையே கிழித்துக் கட்டினாள்.

மரத்துப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வார்? தரை பஞ்சாகிவிட்டது, பெடல் பஞ்சாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பூமாலை" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சா?"

"மொத நாளே புடிச்சிச்சிண்ணா" என்றான் பூமாலை. அதில் குத்தல் இருந்திருக்க நியாயம் உண்டு. இல்லை.

அப்போதுதான் சுப்புராயனுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வேலையில் இருந்த கடைசி வருஷம் டிப்போவில் அவர் போடாத சண்டை இல்லை. இந்த வண்டி பிரேக் இறங்குகிறது, அந்த வண்டி பிரேக் சரியில்லை என்று பஸ்ஸை மாற்றி மாற்றிக் கேட்டார். பார்த்தவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். கண் இல்லாத பசங்க என்று அவர்களைத் திட்டிவிட்டு, அதே பஸ்ஸில் சந்தை நாள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினார். எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அவரை நம்பித் தூங்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கும் அவர் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எறங்குங்கண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் ஓட்றேன்" என்றான் பூமாலை.

அவர் மறுக்கவில்லை. கொளஞ்சியம்மாள் கைத்தாங்கலாக அவரை இடது பக்கச் சீட்டுக்கு அழைத்துப் போனாள். டிரைவர் பக்கம் இல்லாத ஒரு சீட்டில் அவர் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆட்டுக்காரம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். பூமாலை வண்டியைத் திருப்பினான். மலை கண்ணாடியில் பின்னால் போனது. கொளஞ்சியம்மாள் புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள்.

கச்சிராயபாளையம் நெருங்கும்போது ஒரு வேகத்தடை வந்தது. "பாத்து, மிதி" என்று சுப்புராயன் வாய் தன்னால் சொன்னது. பூமாலை மிதித்தான், கார் அழகாக அடங்கி, ஏறி இறங்கியது. தன் காலும் பழக்கத்தில் சேர்ந்து மிதித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மிதித்ததா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தார். துண்டு சுற்றிய கால் தரைத் தகட்டை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.