வால் வண்டிக்கு வந்த செங்கால்

துரையிடம் நான் முதன்முதலாகப் பேசிய ஆங்கிலம் ஒரு பொய். அதைக் கேட்டுப் பூரித்துப்போன அப்பா, அன்று மாலை கடையிலிருந்து எனக்கென்று ஒரு டின் பால் வாங்கி வந்தார். தங்கைக்குக்கூடப் பங்கு கிடையாது, முழு டின்னும் எனக்கு. அந்தப் பாலின் இனிப்பு நினைவிருக்கிறது. பொய்யும் நினைவிருக்கிறது. பாலைப் பற்றி என் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், பொய்யைப் பற்றிச் சொன்னதில்லை.

நாங்கள் அப்போது மலாயாவில், லுக்குட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே கிராணி. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் எழுத்து வேலை அவருடையது. தோட்டத்துக்கு ஒரே லோரி. காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை ரயிலுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி, மறுபடி ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு நடையை ஒரே நடையாக்க வேண்டும் என்று துரைக்குத் தோன்றியது. லோரிக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போக இன்னொரு வண்டி செய்யச் சொன்னார். துரை அதை டிரெய்லர் என்றார். லயத்து வீடுகளில் இருந்த கூலியாட்கள் 'வால்' என்றார்கள்.

வாலுக்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வந்து சேர்ந்தன. செத்துப்போன ஒரு பழைய லோரியின் அச்சும் சக்கரங்களும் வில்பட்டைகளும் சிரம்பானிலிருந்து வந்தன. மூலைகளைப் பிடித்துக் கட்ட, பழைய தண்டவாள இரும்பைக் காய்ச்சி அடித்துப் பட்டைகளாக்கினார்கள். தளத்துக்கு மெராந்திப் பலகை. எல்லாவற்றையும் தாங்கப்போகிற இரண்டு நீளச் சட்டங்கள் மட்டும் செங்கால் மரம், கோலா பிலா பக்கத்து மரம் அறுக்கும் மில்லிலிருந்து மாட்டுவண்டியில் வந்தவை. ஒன்றை இறக்க ஆறேழு பேர் வேண்டியிருந்தது.

அவற்றை இழைத்தவர் ஒரு சீனத் தச்சர். எல்லோரும் அவரைத் துக்காங் என்றுதான் கூப்பிட்டோம், மலாய்க்காரர்கள் கைவினைஞரைக் கூப்பிடுவதுபோல. பள்ளி விட்டதும் நான் நேராகப் பட்டறைக்குத்தான் ஓடுவேன். சட்டத்தின்மேல் நான் ஏறி உட்கார்ந்தால் விரட்டமாட்டார். உளியின் பிடியால் மரத்தைத் தட்டிக்காட்டுவார்.

"கேட்டியா? இரும்பு மாதிரி சத்தம். நீ கிழவன் ஆவான், இது மரம் அப்படியே இருக்கும் லா."

அவர் இழைத்து, போல்ட்டுக்குத் துளை போட்டு, தார் பூசி முடித்த ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் வெள்ளைப் பெயிண்டால் தோட்டத்துப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை எழுதுவார். இந்த மரத்துக்கு நான் பொறுப்பு என்பது அதன் பொருள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஓர் எழுத்தை மட்டும் படம்போல வரையப் பழகியிருந்தார். அந்த எழுத்தின் வால் எப்போதும் கொஞ்சம் கோணலாக விழும்.

இதே சமயத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் ரதத்தின் அடிச்சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. முந்தைய வருடத் திருவிழாவில், ஆஸ்பத்திரி வளைவில் ரதம் சாய்ந்து அம்மன் ஒருபக்கமாகச் சரிந்துவிட்டாள். அந்த மாதமே லயத்தில் காய்ச்சல் புகுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. பெரியவர்கள் கூடி ஒரு நல்ல சட்டம் கேட்டார்கள். அப்பாதான் அதை ஆங்கிலத்தில் துரைக்கு எடுத்துச் சொன்னார். துரை தாராளமாக ஒரு கெம்பாஸ் சட்டம் கொடுத்தார்.

கெம்பாஸ் பார்வைக்குத் திடமான மரம்தான். ஆனால் அதற்குள் கல் போன்ற கறுப்பு வரிகள் ஓடும். அது எங்கே முறியும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

என் தாய்மாமா பட்டறையில் துக்காங்குக்குக் கையாளாக இருந்தார். கெம்பாஸைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"லோரி வாலுக்குச் செங்கால், ஆத்தாவுக்குக் கெம்பாஸா? எந்த ஊரு நியாயம்டா இது?"

அந்த வாரம் துக்காங் மலேரியாக் காய்ச்சலில் விழுந்தார். அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். சட்டங்களை அச்சில் பொருத்தும் வேலை மாமா தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் யாரும் இல்லாத மத்தியானம், மாமாவும் கோயில் ஆட்கள் சிலரும் ஒரு செங்கால் சட்டத்தை ரதக் கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். கெம்பாஸைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மாமா அதில் துளை போட்டார், தார் பூசினார். தார் பூசியபின் இரண்டும் ஒரே கறுப்பு.

"மருமவனே, நீதான் இங்கிலீசு படிக்கிறவனாச்சே. அந்த எழுத்தப் போடு பாப்போம்."

"எழுத்து மட்டும் போதுமா மாமா, துக்காங் கோணலும் வேணுமா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அடேய், கோணல்தான்டா முக்கியம்!"

நான் கோணலையும் சேர்த்து எழுதினேன். கூலி, திருவிழா அன்று ரதத்தின் முன்தட்டில் அம்மன் காலடியில் உட்கார்ந்து மணி அடிப்பது. வால் உடைந்தால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டதற்கு மாமா சொன்ன பதிலை அன்று முழுவதும் நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்: "ரப்பர்தான, விழுந்தா துள்ளிட்டுப் போவுது. ஆத்தா விழுந்தா?"

வால் சில வாரம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு மழைநாளில், முழுப் பாரத்தோடு சரிவில் இறங்கும்போது கெம்பாஸ் படாரென்று முறிந்தது. வண்டி மடங்கிப் பள்ளத்தில் உருண்டது. நல்லவேளை, அதன்மேல் ஆள் யாரும் இல்லை. ரப்பர் ஷீட்டுகள் ஓடைத் தண்ணீரில் மிதந்து போயின. மாமா சொன்னதுபோல் எதுவும் துள்ளவில்லை.

துரை பட்டறைக்கே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த துக்காங், முகம் மஞ்சளாகி, சட்டை தொளதொளக்க நின்றார். முறிந்த முனையை விரலால் தடவினார்.

"இது கெம்பாஸ், துவான். என் மரம் இல்லை. என் செங்கால் எங்கே?"

"அதை நீதான் சொல்ல வேண்டும்" என்றார் துரை மலாயில். மறுமுனையிலிருந்த வெள்ளை எழுத்தைப் பிரம்பால் காட்டினார். நல்ல மரத்தை வெளியே விற்றுவிட்டு மட்டமானதில் அடையாளம் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்பது அவருடைய முடிவு.

மாமாவைக் கேட்டார்கள். "அவரு தார் பூசி வச்சதத்தான் மாட்டினேன் தொரே" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

அப்போது துரையின் பார்வை என்மேல் விழுந்தது. கிராணியின் பையன், தினமும் பட்டறையில் திரிகிறவன். குனிந்து, நிதானமான ஆங்கிலத்தில், இந்த எழுத்தைத் துக்காங் எழுதியதை நீ பார்த்தாயா என்று கேட்டார். அப்பா என் பின்னால் நின்றார். தமிழில் மாற்றிச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன்.

"யெஸ் சார்."

நான் பயந்து சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன். துக்காங்குக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இந்த இரண்டு சொல்லும் அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் கோபப்படவில்லை. நான் வேறு யாரையோ பற்றிப் பேசியதுபோல் என்னைப் பார்த்தார். அப்பா என் தோளை அழுத்தினார். அவருக்கு எதுவும் தெரியாது. கடைசிவரை தெரியாது.

துக்காங்குக்கு வேலை போயிற்று. பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் துரை சொல்லியனுப்பிவிட்டதால், அந்த வட்டாரத்தில் அவரை யாரும் சேர்க்கமாட்டார்கள். மாத முடிவு வரை அவருடைய குடிசையில் தங்க அனுமதி. மாதம் முடிவதற்குள் திருவிழா வந்தது.

ரதம் அந்த வருடம் சாயாமல் ஓடியது. ஆஸ்பத்திரி வளைவில் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ரதம் திரும்பியதும் குலவை போட்டார்கள். மாமா முன்வடத்தில் கத்திக்கொண்டு இழுத்தார். நான் முன்தட்டில் உட்கார்ந்து மணி அடித்தேன். என் காலுக்குக் கீழே செங்கால் சட்டம், மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

வழக்கம்போல ஒவ்வொரு வாசலிலும் ரதம் நின்றது. துக்காங் குடிசை வாசலிலும் நின்றது. அவர் வருடாவருடம் அம்மனுக்கு ஊதுவத்தி கொண்டுவருவார், ரதத்தின் மரச் சந்தில் செருகிவிட்டுக் கும்பிடுவார். இந்த வருடமும் கொண்டுவந்தார். செருக இடம் தேடி மஞ்சள் துணியைச் சற்று விலக்கினார். அங்கே ஒரு துளை இருந்தது. வாலின் போல்ட்டுக்காக அவரே போட்ட துளை.

அவருடைய விரல் அதற்குள் போனது. போன விரல் உடனே வெளியே வரவில்லை. மறுகையை மடக்கி மரத்தை ஒருமுறை தட்டினார். பிறகு தலையைத் தூக்கி வடம் பிடித்திருந்த ஆட்களையும், அர்ச்சனைத் தட்டோடு நின்ற பெண்களையும், என்னையும் பார்த்தார். துரை பங்களா அங்கிருந்து கூப்பிடு தூரம். மாமா வடத்தை அப்படியே தரையில் கிடத்தினார். மேளம் தானாக நின்றுபோனது.

துக்காங் விரலை எடுத்தார். ஊதுவத்திகளை அந்தத் துளையில் செருகினார். அவை நேராக நின்றன. துணியை இழுத்துச் சரிசெய்தார். கும்பிட்டுவிட்டு வழிவிட்டு ஒதுங்கினார்.

எதற்காக எல்லோரும் அப்படி நிற்கிறார்கள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. ஊதுவத்தி அவ்வளவு பொருத்தமாக நின்றது எனக்குப் பிடித்திருந்தது. வழக்கமாகச் சந்தில் செருகும் வத்திகள் பாதி வழியிலேயே விழுந்துவிடும்.

"மாமா, அந்த ஓட்டை நல்லதுக்குத்தான் ஆச்சு, பாத்தீங்களா!" என்று கத்திவிட்டு, ரதம் புறப்படட்டும் என்று மணியைப் பலமாக அடித்தேன்.