கையெழுத்துக்கு வந்த பழத்தட்டு

ஆங் மோ கியோவில் என் மகன் வீட்டுக்குச் சம்பந்தியம்மா பழத்தட்டோடு வந்தார். வெற்றிலை, பூ, மேலே ஆரஞ்சு. பெண் கேட்டு வந்தபோதும் இப்படித்தான் வந்தார். இந்த முறை வந்தது என் மகளின் கையெழுத்துக்கு.

மகள் அயர்லாந்தில் இருக்கிறாள். குடியிருக்கும் வீடு மாப்பிள்ளை பேரில். அதை விற்றுத் தொழில் தொடங்க வேண்டுமாம். வாங்குவதற்கு ஆளும் கிடைத்தாயிற்று. ஆனால் மனைவி சம்மதம் எழுதிக் கொடுக்காமல் குடியிருக்கும் வீட்டை விற்றால் அந்த ஊரில் செல்லாது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாடகை வீடுகளில் அலைய மகளுக்கு இஷ்டமில்லை. அவள் எழுதிக் கொடுக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போட்டுடுவா லா, சம்பந்தியம்மா," என்றார் என்னிடம்.

நான் வாய் திறப்பதற்குள் என் மகன் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டான். தட்டை வாங்கினால் எங்களில் பேச்சு முடிந்தது. வீடு எங்கேயோ இருக்கிறது, அதில் சமைத்துப் பெருக்குகிறவள் அங்கே இருக்கிறாள், சம்மதம் கொடுத்தது இங்கே சோபாவில் இருந்த அவள் அண்ணன்.

அப்போதே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "அம்மா பேசுறாங்க. சொல்லுங்கம்மா."

மகள் முந்திக்கொண்டாள். "அம்மா, இங்க வக்கீல் என்னைத் தனியா உட்கார வெச்சு, யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் குடியிருந்த தெம்பனிஸ் வீட்டை என் கணவர் விற்றபோது, "சாமானைக் கட்டு" என்று மட்டும் சொன்னார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சாமானில் பாதி இன்னும் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

"ஆமான்னு சொல்லு," என்றேன். "பழத்தட்டோட வந்து உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்லு."

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். "உங்க பொண்ணு வாழ்க்கையை நீங்களே கெடுக்கிறீங்க."

"கெட்டா, சொந்த வீட்டுல இருந்து கெடட்டும்."

வாங்கிய தட்டைத் திருப்பித் தருவது அவமானம் என்று மகன் தடுத்தான். லிஃப்ட் வாசல்வரை போய் அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

மகள் கையெழுத்துப் போடவில்லை. வீடு நிற்கிறது, மாப்பிள்ளை அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஃபேரர் பார்க் பக்கம் கறிகாய் வாங்கப் போனால் சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

என் மகன்தான், அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "என் வீட்டுல இருந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். முடித்திருக்கலாம். மிச்சம் எனக்குத் தெரியாததா?